தமிழ்நாட்டில் முதியோர் பராமரிப்பு இல்லம் தொடங்குவோருக்கு: யாரை ஏற்பது என்பதிலிருந்து பதிவுச் சான்று வரை

மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தோரின் பங்கில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக்கான கணிப்பின்படி அது 13.6 விழுக்காடு. பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்க, பெற்றோர் மட்டும் ஊரில் தங்கிவிட்ட வீடுகள் பெருகியதன் விளைவாக, கோயம்புத்தூரைச் சுற்றியும் சென்னையின் புறநகர்களிலும் கட்டணம் பெற்று முதியோரைப் பராமரிக்கும் இல்லங்கள் வரிசையாகத் தொடங்கப்பட்டு வருகின்றன. குளிக்கவும் உடுத்தவும் மருந்து எடுத்துக்கொள்ளவும் ஒருவர் துணை வேண்டும், ஆனால் மருத்துவமனைப் படுக்கை வேண்டாம் என்ற நிலையில் உள்ள முதியோர் பத்து முதல் முப்பது பேர் வரை தங்கும் இல்லம் ஒன்றைத் தமிழ்நாட்டில் தொடங்க எண்ணுவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இத்துறைக்குப் புதிதாக வருவோரில் பெரும்பாலோர் முதலில் கட்டடம் தேடுகிறார்கள். உறவினரின் காலி வீடு ஒன்று இருக்கும், அல்லது புறநகரில் ஒரு மாடி வீடு மலிவாக வாடகைக்குக் கிடைத்திருக்கும். அந்த வரிசை தவறானது என்பதே என் கருத்து. எந்த முதியவரை ஏற்பது, யாரை ஏற்க இயலாது என்ற முடிவே எந்தச் சட்டம் பொருந்தும், எத்தனை ஊழியர் தேவை, கதவு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதுவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: யாரை ஏற்கப்போகிறீர்கள்?

ஒரு முதியவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அளக்க உலகெங்கும் பயன்படும் எளிய முறை ஒன்று உண்டு. குளித்தல், உடுத்தல், கழிவறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, தானே உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களில் எத்தனையைத் தாமாகச் செய்கிறார் என்று பார்ப்பது அது. காட்ஸ் அளவுகோல் என்பார்கள். ஆறையும் செய்பவருக்குத் தேவை நல்ல உணவும் துணையும் மட்டுமே. மூன்று நான்கில் உதவி தேவைப்படுபவருக்காகத்தான் இந்த வகை இல்லம் இருக்கிறது. ஆறிலும் பிறரைச் சார்ந்து, மூக்குவழிக் குழாயில் உணவு பெறுபவரை ஏற்றால் அதன்பின் நீங்கள் நடத்துவது வேறொரு நிறுவனம். செவிலியர் இல்லாமல் அதை ஒருநாளும் நடத்த முடியாது.

இந்த முடிவு சட்டத்தையும் இழுத்து வருகிறது. இல்லத்துக்குள் மருத்துவச் சிகிச்சையும் செவிலியர் சேவையும் முறையாக வழங்கினால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன்கீழ் பதிவு தேவைப்படும். அதற்கு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும். மறதி நோயாளிகளை ஏற்பது இன்னும் கவனத்துக்குரியது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றலும் இடம், காலம் குறித்த உணர்வும் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, அதனால் முடிவெடுக்கும் திறனோ அன்றாட வாழ்க்கையோ குலைந்துபோன நிலையும் அடங்குகிறது. அத்தகையோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டிய மனநல நிறுவனமாகக் கருதப்பட இடமுண்டு. ஆகவே, மறதி நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு வைப்பதாக விளம்பரம் செய்வதற்கு முன் அந்த ஆணையத்திடம் எழுத்துமூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மாற்றுத் திறனாளிகளுக்கான நிறுவனமாகவும் செயல்பட எண்ணினால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். பெண்களுக்கு மட்டுமான இல்லம் என்றால், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் பற்றிய 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் தங்களுக்குப் பொருந்துமா என்று மாவட்ட நிர்வாகத்திடம் விசாரிக்க வேண்டும். முதியோருடன் ஆதரவற்ற குழந்தைகளையும் சேர்த்துத் தங்கவைக்கும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து கைவிடுங்கள். குழந்தைகள் இல்லத்துக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தனிப் பதிவு உண்டு. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் கலந்த இல்லங்கள் சிக்கலில் மாட்டியதைச் செய்திகளில் நிறையப் பார்த்துவிட்டோம்.

எனவே ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள்: ஏற்போர், ஏற்க இயலாதோர். இரண்டாவது பட்டியல்தான் முக்கியமானது. பின்னாளில் ஒரு மகன் காரில் தந்தையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திக்கொண்டு கெஞ்சும்போது, அந்தத் தாள் மட்டுமே உங்களுக்குத் துணை நிற்கும்.

இரண்டாம் படி: அமைப்பின் சட்ட வடிவம்

லாப நோக்கமின்றி நடத்துவோர் மூன்றில் ஒன்றைத் தேர்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து அறக்கட்டளை அமைப்பது எளிது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் சங்கம் பதிய ஏழு பேராவது வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் நிறுவனம் தொடங்குவதில் கணக்கு வழக்கு கடுமை கூடுதல். அதனாலேயே பெரிய நன்கொடையாளர்கள் அதை விரும்புவதுண்டு. வணிக நோக்கில் நடத்துவோர் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகவோ கூட்டாண்மையாகவோ இயங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிப்படையாகக் கட்டணம் வாங்கி நேர்மையாக நடத்தப்படும் வணிக இல்லம், சேவை என்ற பெயரில் மறைமுகமாகப் பணம் பார்க்கும் அறக்கட்டளையைவிட எவ்வளவோ மேல்.

வரியில் ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். வருமான வரித் துறையில் அறநிறுவனமாகப் பதிவு பெற்ற அமைப்பு நடத்தும் முதியோர் இல்லம், அறுபது வயது நிறைந்தவரிடம் உணவு, தங்குமிடம், பராமரிப்பு அனைத்தும் அடங்க மாதம் 25,000 ரூபாய் வரை பெறும் கட்டணத்துக்கு, 2018ஆம் ஆண்டிலிருந்து ஜிஎஸ்டி விலக்கு உண்டு. வணிக நிறுவனத்துக்கு இந்த விலக்கு கிடையாது. கட்டணத்தை நிர்ணயிக்கும் முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுவது நல்லது.

மத்திய அரசின் மானியத்தை நம்பி எவரும் கணக்குப் போட வேண்டாம். முதியோருக்கான ஒருங்கிணைந்த திட்டத்தின்கீழ் இல்லங்களுக்கு உதவி உண்டு என்றாலும், புதிதாகப் பிறந்த அமைப்புக்கு அது உடனே கிடைக்காது. சில ஆண்டுகள் இயங்கிய தணிக்கைக் கணக்கு கேட்பார்கள்.

மூன்றாம் படி: கட்டடம்

இடம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007ஐ ஒட்டி வகுக்கப்பட்ட மாதிரி விதிகள், ஒருவருக்குப் படுக்கையறையில் 7.5 சதுர மீட்டரும், சமையலறை, உணவுக்கூடம் போன்றவற்றையும் சேர்த்து 12 சதுர மீட்டரும் இருக்க வேண்டும் என்கின்றன. தாழ்வாரமும் நடைபாதையும் இதில் சேரா. அரசு நிறுவும் இல்லங்களுக்காக எழுதப்பட்டது என்றாலும் தனியாரும் இதையே அளவாகக் கொள்ளலாம். இருபது பேருக்கு 240 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2,600 சதுர அடி. மூன்று படுக்கையறை வீட்டில் பதினைந்து கட்டில் போட்டுவிடலாம் என்ற கனவு இந்தக் கணக்கிலேயே கலைந்துவிடும்.

வாடகைக் கட்டடம் என்றால் குத்தகை ஐந்தாண்டுக்குக் குறையாமல், பதிவு செய்யப்பட்டதாக, முதியோர் இல்லம் நடத்துவதற்கு என்ற நோக்கத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருபது முதியவர்களைக் குடிவைப்பது பொறுப்பற்ற செயல். கட்டட வரைபட அனுமதி யார் பெயரில், எந்தப் பயன்பாட்டுக்கு வாங்கப்பட்டது என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அனுமதி இல்லாத மேல்தளம் கட்டிய வீட்டுக்குப் பிறகு எந்தச் சான்றும் எளிதில் நகராது.

கட்டடத்துக்கான சான்றுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையிடம் சான்று, சுகாதார அலுவலரிடம் சுகாதாரச் சான்று ஆகியவற்றைப் பெற்றபின், தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம், 1965இன்கீழ் வட்டாட்சியரிடம் டி படிவ உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். லிப்ட் இருந்தால் மின் ஆய்வாளரின் உரிமம் தனி. ஸ்ட்ரெச்சர் நுழையாத லிப்ட் இந்த இல்லத்துக்குப் பயனற்றது. தரைத்தளத்தோடு முடியும் கட்டடம் கிடைத்தால் சற்று வாடகை கூடினாலும் அதையே எடுங்கள்.

கழிவறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதியவர் விழுவது பெரும்பாலும் அங்கேதான், அல்லது இரவில் அங்கே போகும் வழியில்தான். கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உட்புறம் திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் விடுவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டர் தெளிவான அகலம் வேண்டும். கைப்பிடிக் கம்பி சுவரில் ஆழமாகப் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். துண்டு மாட்டும் கம்பியை நம்பி ஒருவர் தம் முழு எடையையும் போடுவார். அழைப்பு மணியின் கயிறு தரையைத் தொடும் அளவுக்குத் தொங்க வேண்டும், ஏனென்றால் விழுந்தவரால் எழுந்து நின்று பொத்தானை அழுத்த முடியாது. படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு முழுவதும் மங்கலான விளக்கு எரிய வேண்டும். வாசல் சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது: அரை மீட்டர் உயரத்துக்கு ஆறு மீட்டர் நீளம். பல இல்லங்களில் சாய்தளம் என்ற பெயரில் இருப்பது சக்கர நாற்காலியை உருட்டிவிடும் சறுக்குமரம்.

நான்காம் படி: இல்லத்தின் பதிவு

2007ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்று 19ஆம் பிரிவில் சொல்கிறதே தவிர, தனியார் இல்லங்களின் உரிமத்தைப் பற்றி விரிவாகப் பேசவில்லை. அந்தக் குறையை நீக்க 2019இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை. ஆகவே மாநிலங்கள் தத்தம் விதிகளாலும் ஆணைகளாலும் இதை ஒழுங்குபடுத்துகின்றன. தமிழ்நாட்டில் அப்பொறுப்பு சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையுடையது. நீங்கள் நேரில் பார்க்க வேண்டியவர், மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வழக்கமாக இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலர்.

இல்லத்தைத் திறந்த பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்ற மனப்பான்மைக்கு இப்போது இடமில்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய அனுமதியின்றி இயங்கிய ஓர் இல்லத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட துன்புறுத்தல்கள் வெளிவந்த பிறகு, பதிவு செய்யாத இல்லங்கள் மீது மாவட்ட நிர்வாகங்கள் கடுமை காட்டுகின்றன. பதிவு செய்யுமாறு ஆட்சியர்கள் நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிடுவதையும் காணலாம்.

விண்ணப்பத்தோடு வழக்கமாகக் கேட்கப்படுபவை: அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கப் பதிவுச் சான்று, குத்தகைப் பத்திரம் அல்லது சொத்து வரி ரசீது, கட்டட வரைபடம், மேற்சொன்ன கட்டடச் சான்றுகள், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, ஊழியர் பட்டியல், அவசரத்துக்கு அனுப்பப்படும் மருத்துவமனையின் விவரம், கண்காணிப்புக் கேமரா பொருத்தியதற்கான விவரம். எல்லாவற்றிலும் அமைப்பின் பெயரும் முகவரியும் ஓரெழுத்து மாறாமல் ஒன்றுபோல இருக்க வேண்டும். பத்திரத்தில் பழைய கதவு எண், வரி ரசீதில் புதிய கதவு எண் என்றிருந்தால் கோப்பு அங்கேயே உறங்கிவிடும். இரண்டும் ஒரே இடம் என்று உள்ளாட்சி அலுவலகத்திடம் ஒரு சான்று வாங்கி முன்பே இணைத்துவிடுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர் காகிதத்தைவிட அதிகமாகக் கழிவறை, சமையலறை, பதிவேடு ஆகிய மூன்றையுமே பார்ப்பார் என்று வைத்துக்கொண்டு தயாராவது நல்லது.

சமையலறை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இன்கீழான பதிவு தேவை. இன்சுலின் ஊசி, புண்ணுக்குக் கட்டிய பஞ்சு போன்றவை மருத்துவக் கழிவுகள். மாநகராட்சி வண்டியில் போடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்று, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: ஊழியர்

கட்டணத்தை நிர்ணயிக்கும்போது புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இருபது முதியவர்களுக்குக் காலையில் நான்கு, பிற்பகலில் மூன்று, இரவில் இரண்டு பராமரிப்பாளர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர் போதும் என்று தோன்றும். வாரத்துக்கு 63 பணிமுறைகள். ஒருவர் ஆறு நாள் வேலை செய்தால் 11 பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், தீபாவளி, பொங்கல் எல்லாம் கணக்கிட்டால் 13. இதற்கு மேல் சமையல், துப்புரவு, செவிலியர், மேலாளர். பன்னிரண்டு மணி நேரப் பணிமுறை வைத்துச் செலவைக் குறைப்போர் உண்டு. பதினோராவது மணி நேரத்தில் ஓர் ஊழியர் எண்பது கிலோ எடையுள்ள ஒருவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது என்ன நேரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரை மட்டும் பணியில் விடாதீர்கள். உடல்நிலை மோசமான ஒருவரோடு அந்த ஊழியர் ஆம்புலன்ஸில் போய்விட்டால் மீதிப் பத்தொன்பது பேருக்கு யார்?

பணியில் இருப்போர் பத்தைத் தொட்டால் இஎஸ்ஐ, இருபதைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதி. எல்லா ஊழியருக்கும் காவல் துறைச் சரிபார்ப்பு செய்துகொள்ளுங்கள். ஏஜென்சி மூலம் வந்தவர் என்பதால் விட்டுவிட வேண்டாம்.

ஆறாம் படி: சேர்க்கை ஒப்பந்தம்

முத்திரைத் தாளில் இரண்டு பக்கம் எழுதி மகனிடம் கையெழுத்து வாங்குவதோடு முடித்துவிடுகிறார்கள். தங்கப்போகிறவர் சுயநினைவோடு இருக்கும்போது அவரே கையெழுத்திட வேண்டும். அவருக்குத் தமிழில் படித்துக் காட்டியதாகவும் பதிவு இருக்க வேண்டும். மாதக் கட்டணத்தில் எவை அடங்கும், டயப்பரும் மருந்தும் பிசியோதெரபியும் தனியா, முன்வைப்பை (டெபாசிட்டை) எத்தனை நாளில் திருப்புவீர்கள், நள்ளிரவில் உடல்நிலை மோசமானால் எந்த மருத்துவமனை, செலவுக்கு யார் பொறுப்பு, செயற்கைச் சுவாசம் வரை போவதா, குடும்பத்தார் தொலைபேசியை எடுக்காவிட்டால் யார் முடிவெடுப்பது, எந்த நிலை வந்தால் வேறிடத்துக்கு மாற்றுவீர்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். முன்வைப்புத் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். அதை எடுத்துச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய இல்லம் அடுத்தவர் சேர்ந்தால்தான் முந்தியவருக்குப் பணம் தர முடியும் என்ற நிலைக்கு விரைவில் வந்துவிடும்.

தங்கியிருப்பவர்களின் சொத்தை உயிலாகவோ தானமாகவோ இல்லத்தின் பெயரிலோ உங்கள் பெயரிலோ பெறாதீர்கள், அவர்களே வற்புறுத்தினாலும். பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தைப் பெற்றுப் பின் பராமரிக்கத் தவறினால் அந்த மாற்றத்தையே செல்லாததாக்க 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்கு வழிசெய்கிறது. முதியவரைக் கைவிடும் நோக்கில் ஓரிடத்தில் விட்டுச் செல்வது 24ஆம் பிரிவின்கீழ் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதை, சேர்த்துவிட்டுத் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்காக ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியில் அச்சிட்டு வைப்பதில் தவறில்லை.

ஏழாம் படி: திறந்த பின் அன்றாடம்

முதல் மாதத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு மருந்து அட்டை, புகைப்படத்துடன். ஒரே இல்லத்தில் இரண்டு சரஸ்வதி அம்மாக்கள் இருப்பது சாதாரணம். ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை, மற்றவருக்கு ரத்த அழுத்த மாத்திரை. மருந்தைக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே கையெழுத்து. எட்டு மணி மருந்துக்கு ஏழரைக்கே எல்லாருக்கும் டிக் போட்டுவைக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே நிறுத்துங்கள். இன்சுலின் போட்டவருக்குச் சாப்பாடு தாமதமாகக் கூடாது என்பது சமையல்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்த நேரம் எழுதப்பட வேண்டும். காற்றுப் படுக்கை இருந்தாலும் இது மாறாது. மருத்துவரின் எழுத்து இன்றித் தூக்க மாத்திரை கொடுப்பதும் கட்டிலோடு கட்டிவைப்பதும் எந்தச் சூழலிலும் கூடாது. ஆண்டுதோறும் உரிய மாதத்தில் ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றை முடித்துத் தருவது சிறிய வேலைதான். அதைத் தவறவிட்டால் அவர்களுடைய மாத வருமானம் நின்றுவிடும். கட்டணம் செலுத்த இயலாதோர் இல்லத்தில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப் பணியாளரைத் தொடர்புகொண்டு ரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகளை இல்லத்துக்கே வரவழைக்கலாம். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணைத் தங்கியிருப்போர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். உங்கள் மீது புகார் சொல்லவும் அவர்களுக்கு வழி இருக்க வேண்டும்.

மரணம் நேரும், அதற்கும் நடைமுறை வேண்டும். சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் பார்த்து இறப்பின் காரணத்தைச் சான்றளிக்க வேண்டும், ஆகவே மாதமொரு முறையாவது வந்து பார்க்கும் மருத்துவர் ஒருவர் இல்லத்துக்கு இருந்தாக வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969, சத்திரம், தர்மசாலை, விடுதி போன்ற இடங்களில் நேரும் இறப்பை அதன் பொறுப்பாளர் அறிவிக்க வேண்டும் என்கிறது. முதியோர் இல்லத்தின் மேலாளரும் அந்த இடத்தில் இருப்பவர்தான். கால வரம்பு 21 நாள். விழுந்த காயமோ வேறு ஐயமோ இருந்தால் உறவினர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்காமல் உடலை ஒப்படைக்கக் கூடாது.

சான்றுகளில் பலவும் காலாவதியாகக் கூடியவை. ஒவ்வொன்றின் கடைசி நாளையும் அலுவலகச் சுவரில் ஒரே தாளில் எழுதி, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். இல்லத்தை மூட நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள்: குடும்பங்களுக்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் மூன்று மாத முன்னறிவிப்பு, முன்வைப்பு முழுவதையும் திருப்பித் தருதல், மருந்து அட்டையும் மருத்துவப் பதிவுகளும் அவரவர் கையில், யாருமற்றவர்களுக்கு அவர்களின் ஒப்புதலோடு பதிவு பெற்ற வேறோர் இல்லத்தில் இடம். ஊழியருக்கு இரண்டு மாதச் சம்பளம் அளவுக்கு ஒரு தொகையை இதற்கெனவே முதலாண்டிலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும். கடைசி முதியவர் இடம் மாறும்வரை அவர்களும் வேலையில் இருந்தாக வேண்டும்.